ஆடு துளுக்கவில்லை

ஆத்தாயிக்குக் கடைசிவரை ஆடுகளைக் கண்டாலே எரிச்சல். இத்தனைக்கும் ஆடு வளர்த்துத்தான் பிழைத்தாள். காரணம் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். நான் அடுத்த வீட்டுக்காரி, கூடவே இருந்து பார்த்தவள். அந்த எரிச்சல் எனக்கும் உண்டு.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே எங்கள் ஊர். முப்பத்தெட்டாம் வருஷம் காலராவில் அவள் தம்பி வேலுமணியின் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு அவன் பேசுவதை விட்டான், தூங்குவதை விட்டான். ஒருநாள் குதிக்கப் போனவனைக் கிணற்று மேட்டிலிருந்து இரண்டு பேர் இழுத்து வந்தார்கள். சாமி பார்வையில் இருந்தால் தெளியும் என்று கருப்பணார் கோயில் வேப்ப மரத்தடியில் மாட்டுச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார்கள். புருஷனை இழந்து பிறந்த வீட்டோடு இருந்த ஆத்தாயிதான் வேளாவேளைக்குச் சோறூட்டினாள்.

சேலத்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கும் டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பெரியப்பா வெள்ளியங்கிரியிடம் போய் நின்றாள். குடும்பத்தில் அவர் சொல்தான் சொல். சின்னவர்களைப் பிரியமாக ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்.

“பொறு சாமி. கருப்பணார் உத்தரவில்லாம ஊரத் தாண்டக் கூடாது.”

“கெணத்துக்குப் போனப்ப அவன் யாருகிட்டங்க உத்தரவு கேட்டான்?”

பெரியப்பாவுக்கு அப்போது மட்டும் காது கேட்கவில்லை.

உத்தரவு என்பது இதுதான். கோயில் முன் ஆட்டை நிறுத்தி மஞ்சள் நீர் ஊற்ற வேண்டும். அது உடம்பை உதறித் துளுக்கினால் சாமிக்குச் சம்மதம். சித்திரை வெயிலில் குளிர்ந்த நீர் விழுந்தால் எந்த ஆடு உதறும்? சுகமாக நின்று அசை போட்டது. மூன்று செவ்வாய்க்கிழமையும் அதே கதை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே ஆடுகூடக் கொடுக்கவில்லை.

ஆத்தாயிக்குக் கருப்பணார் மேல் கோபமில்லை. தினமும் கும்பிடுகிறவள்தான். ஓர் ஆட்டின் முதுகை நம்பித் தம்பியைக் காயப்போடுவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நான்காம் செவ்வாய் பூசாரியிடமிருந்து செம்பை வாங்கி, ஆட்டைத் தடவிக்கொடுப்பதுபோல் குனிந்து அதன் காதுக்குள் ஊற்றினாள். ஆடு தலை முதல் வால் வரை உதறியது. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சேலத்து டாக்டர் தூங்குவதற்கு மருந்து கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அவனோடு பேசினார். சங்கிலி ஆகாது என்றார், மாதம் ஒருமுறை வரச் சொன்னார். நாலாம் மாதம் வேலுமணி ஏர் பிடித்தான்.

“கருப்பணார் கொணமாக்கிட்டாரு. இனிச் சேலம் எதுக்கு?” என்றார் பெரியப்பா.

ஆத்தாயி பல்லைக் கடித்தாள். உண்மையைச் சொன்னால் சாமி குத்தம், சொல்லாவிட்டால் மருந்து நின்றுபோகும். அவள் சொல்லவில்லை, மருந்தும் நின்றது.

மறு சித்திரையில் அவனுக்கு மறுபடி தூக்கம் போனது, பேச்சும் போனது. பெரியப்பா மறுபடி அவனை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து ஆட்டை ஓட்டிவந்தார். ராசியான கை என்று செம்பை ஆத்தாயியிடமே கொடுத்தார். ஆனால் ஊரே நெருக்கியடித்து நின்றதில், காதுப் பக்கம் அவளால் கையைக் கொண்டுபோக முடியவில்லை. முதுகில் ஊற்றினாள். ஆடு அசை போட்டது. இன்னொரு செம்பு ஊற்றினாள். அப்போதும் அசை போட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பத்து நாளாக வாய் திறக்காத வேலுமணி மரத்தடியிலிருந்து எழுந்தான்.

“அக்கா, போன தடவ மாதிரி காதுல ஊத்து. பஸ் போயிரும்.”

பெரியப்பா ஆட்டைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கோயில் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஊத்து சாமி,” என்றார்.