ஆடும் வண்டியும் சர்க்கார் கல்லும்

கார் என்று யாராவது சொன்னாலே இன்றைக்கும் நான் பக்கத்தில் இருப்பதை எட்டிப் பிடித்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் மாத்தளையில் வாடகைக்குக் கார் ஓட்டினார், ஹயர் ஓடுவது என்போம். சொந்த வண்டி. சொந்த வண்டி என்றால் என்ன, ஏதோ ஒரு தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட சின்னக் கார். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். அதை அவர் துடைத்த துடைப்பில் பாதி அக்கறையை என்மேல் காட்டியிருந்தால் நான் ராணியாக இருந்திருப்பேன்.

அந்த வண்டிக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பஜாருக்குள் மெதுவாகப் போகும்போது பரம சாது. அலுவிகாரையைத் தாண்டி வடக்கே போய், ரோடு கொஞ்சம் நேராகி, இவர் காலை அழுத்தினாரோ இல்லையோ, ஆட ஆரம்பிக்கும். இடது பக்கம் கொஞ்சம் திருப்பினால் அளவுக்கு மீறி இடது பக்கம் ஓடும். பதறிப்போய் வலது பக்கம் இழுத்தால் மறு ஓரத்துக்குப் பாயும். கள்ளுத் தவறணையிலிருந்து வீட்டுக்கு வருகிறவன் நடைதான். ஒருமுறை ஏறினவர்கள் மறுமுறை ஏறமாட்டார்கள். நானே கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவேன்.

அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. டயரில் காற்றைக் கூட்டினார், குறைத்தார். ஸ்டியரிங்கை இறுக்கினார், தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். முன் சக்கரங்களின் ஆணிகளை மாற்றினார். கண்ணூறு என்று யாரோ சொன்னதற்குப் பூசணிக்காய் கூட உடைத்தார். பூசணிக்காய் போனது, ஆட்டம் போகவில்லை.

ஒரு விசித்திரம் என்னவென்றால், மூட்டை ஏற்றினால் ஆடாது. பின் சீட்டில் மிளகோ கொக்கோவோ பாக்கோ நாலு மூட்டை ஏறிவிட்டால் நூல் பிடித்த மாதிரி போகும். "வண்டி லேசுடி, அதான் காத்து தள்ளுது" என்பார். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து கொல்லன் பட்டறையில் இருந்தது.

அந்தக் காலத்தில் மாத்தளையில் ஒருவன் கார் வாங்கினால் முதல் வேலை மாரியம்மன் கோயில் வாசலில் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது. இரண்டாவது வேலை பட்டறைக்குப் போய், பின்பக்கத்தைத் தாங்குகிற இரும்பு வில்லுக்கு மேற்கொண்டு ஒரு பட்டை போடுவது. ஆளுக்காகச் செய்த வண்டியில் மூட்டை ஏற்ற வேண்டுமே! எல்லாரும் ஒன்று போடுவார்கள், இவரும் வாங்கின கையோடு ஒன்று போட்டார். பிறகு வண்டி ஆடும்போதெல்லாம் "இன்னும் கெட்டியாக்கணும்" என்று இன்னொன்று போட்டார். கடைசியில் வண்டி, கோழி குனிந்து தீனி பொறுக்குகிற மாதிரி, மூக்கைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆட்டம் கூடித்தான் போனது. நான் சிரித்தால் கோபம் வரும்.

பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். என் அம்மா நாவுலயில் இருந்தாள். அப்பா இல்லை, தாய்மாமன்தான் பக்கத்தில் இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். எனக்கு வலி எடுத்த செய்தி கேட்டு என் வீட்டுக்காரர் வண்டியோடு வந்துவிட்டார். விடிந்ததும் ஆண் பிள்ளை பிறந்தது. அழுத சத்தம் கேட்டேன். முகத்தை ஒருமுறை பார்த்தேன். நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. இரத்தம் நிற்கவும் இல்லை.

மருத்துவச்சி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், கையை உதறினாள். "இனி எங்கையில ஒண்ணும் இல்ல. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. சொணங்கினா தாய் தங்கமாட்டா" என்றாள். என் காதில் விழும்படியே சொன்னாள், பாவி.

பிள்ளையையும் என்னோடு ஏற்றச் சொன்னேன். அம்மா மறித்துவிட்டாள். "அந்த ஆடுற சனியன்ல பச்ச மண்ண ஏத்தவா? நான் செத்தாலும் விடமாட்டேன். நீ போய்ட்டு வா, நான் வச்சிருக்கேன்." அவள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. பிள்ளையை வைத்துக்கொள்ள அவள் நிற்க வேண்டியதாயிற்று. என்னோடு வர ஆள் இல்லை. பின் சீட்டில் பழைய சேலைகளை விரித்து என்னைக் கிடத்தினார்கள். நான் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பார்கள் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. செத்துப்போகப் பயமில்லை. அவன் பசித்து அழுவானே என்றுதான் பயம்.

வண்டி புறப்பட்டது. இவர் ஆமை மாதிரி ஓட்டினார். "ஏங்க, கொஞ்சம் வெரசா போங்களேன்" என்றேன். "ஆடும்டி" என்றார், அழுகிற குரலில். "ஆடினா ஆடட்டும், நான் இங்க வடிஞ்சுகிட்டு இருக்கேன்!" என்று கத்தினேன். அழுத்தினார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வண்டி பேயாட்டம் ஆடியது. எதிரே ஒரு மாட்டு வண்டி. இவர் ஒடித்தார், வண்டி அங்கே பாய்ந்தது, இங்கே பாய்ந்தது, ஒரு சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது. நான் சீட்டிலிருந்து கீழே விழுந்தேன். சேலை முழுக்க நனைந்து போயிருந்தது.

எங்களை எல்லை வரை அனுப்பிவைக்கச் சைக்கிளில் பின்னால் வந்த மாமா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மாட்டு வண்டிக்காரரும் இவருமாகச் சக்கரத்தைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். இவர் மாமாவின் காலில் விழாத குறை.

"மாமா, நீங்க பின்னால ஏறுங்க. அவள புடிச்சுக்கவும் ஆச்சு, கனத்துக்கும் ஆச்சு. கனம் இருந்தா ஆடாது மாமா!"

மாமா நல்ல பருமன். ஆனால் அது மாசி மாதம். மாத்தளை அம்மன் திருவிழாவுக்கு மாமா கையில் காப்புக் கட்டி விரதத்தில் இருந்தார். காப்புக் கட்டியவர் பிள்ளை பெற்ற தீட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. என்னைத் தொடுவது இருக்கட்டும், அந்த வண்டியைத் தொட்டாலே விரதம் போயிற்று.

"மாப்ள, அம்மன் காப்பு..." என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கால் மட்டும் நகரவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன்! எனக்கு வந்த ஆத்திரத்தில் வலி கூட மறந்துபோனது.

"எனக்குத் தீட்டு, சரி மாமா. கல்லுக்குமா தீட்டு? அந்தக் கல்லயாவது தூக்கிப் போடுங்க!"

ரோட்டோரத்தில், ரோடு போடுவதற்காகச் சர்க்கார் உடைத்துக் குவித்து வைத்த கருங்கல் கிடந்தது. வாய்க்கு வந்ததைத்தான் கத்தினேன். இவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், ஓடினார். மாமாவும் ஓடினார். "சர்க்கார் கல்லு மாப்ள, கேஸாயிடும்" என்று வாய் சொல்கிறது, கை கல்லை அள்ளுகிறது. "ஆபத்துக்குப் பாவமில்ல மாமா, அள்ளுங்க!" மாமா வண்டியைத் தொடவில்லை. வேட்டியை விரித்து அதில் கல்லைக் கட்டிக் கொண்டுவந்து வண்டியிலிருந்து எட்டக் கொட்டுவார். அதை இவர் பொறுக்கி உள்ளே போடுவார். என் காலடியில் கல், சீட்டின் அந்தக் கோடியில் கல், என் விலாவுக்கு அருகிலும் கல். வண்டியின் பின்பக்கம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. மாமா விரல்களிலெல்லாம் இரத்தம். கடைசியில் அவர் ரோட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன" என்று இவர் காலை அழுத்தினார். வண்டி ஆடவில்லை. நம்ப முடியாமல் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இவர் கை ஸ்டியரிங்கில் அசையாமல் இருந்தது. நாலந்தாப் பக்கத்து வளைவுகளில் கற்கள் உருண்டு என் காலில் இடித்தன. இடிக்கட்டும் என்று கிடந்தேன். "இருக்கியாடி? பேசுடி, ஏதாச்சும் பேசு!" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அலுவிகாரைக் கடைகள் கண்ணில் பட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

பிழைத்தேன். நஞ்சை எடுத்துவிட்டார்கள். பிறகு காய்ச்சல் வந்து, எழுந்திருக்க விடாமல் வெகுநாள் கிடத்திப் போட்டது. அந்தக் காய்ச்சலில் என் மார்பு வற்றிப்போனது. நான் அமுக்கிப் பார்ப்பேன், ஒரு சொட்டு வராது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவேன். நர்ஸ் திட்டுவாள்.

பெண்கள் வார்டில் ஆண்களைச் சும்மா உட்கார விடமாட்டார்கள். இவர் வெளியே மரத்தடியில் வண்டிக்கடியில் கிடந்தார். கல்லைக் கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பார்ப்பாராம், இன்னும் கொஞ்சம் இறக்கி ஓட்டிப் பார்ப்பாராம். அப்போதுதான் மண்டையில் ஏறியது. காற்றும் இல்லை, கண்ணூறும் இல்லை. இவர் போட்ட பட்டைகள்தான் பின்பக்கத்தைத் தூக்கி, வண்டியைக் குனிய வைத்து, முன் சக்கரம் தானாக நேராக நிற்பதற்கு இருந்த சாய்வைக் கெடுத்திருந்தன. கனம் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து சாய்வு திரும்பிவிடும். மருந்து என்று நினைத்து விஷத்தை ஊட்டியிருக்கிறார். போட்ட பட்டை அத்தனையையும் கழற்றிவிட்டுக் கல்லையும் கொண்டுபோய்க் குவியலிலேயே கொட்டிவிட்டு வந்தார்.

என்னைக் கூட்டிப்போக வந்தபோது வண்டி மட்டமாக நின்றது. காலி வண்டிதான். நாவுல ரோட்டில் சட்டென்று வேகம் எடுத்தும் ஆடவில்லை. "பாத்தியா? பாத்தியா?" என்கிறார். எனக்கு அதுவா முக்கியம்? "புள்ள எப்படிங்க இருக்கான்?" "நல்லாருக்கான்." "பால்?" "எல்லாம் உங்கம்மா பாத்துக்கிறாங்க." முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நோயாளிப் பெண்ணிடம் ஆம்பளைகள் உண்மை சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வண்டி ஆடக்கூடாதா, கானில் இறங்கக்கூடாதா, போய்ச் சேராமல் இருக்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு.

வாசலில் அம்மா வெறுங்கையோடு நின்றாள்.

"எங்கம்மா என் புள்ள?" நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அம்மா என் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்கு இழுத்துப்போனாள். அது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. அந்த வீட்டு அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எனக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பெண் பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழியாமல் அறைக்குள் இருந்தார். நான் போன அன்றே பிள்ளை பசியில் நீலம் பாரித்ததும் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடியிருக்கிறாள். ராத்தா ஒரு கேள்வி கேட்கவில்லையாம். ஒரு பக்கம் தன் மகள், மறுபக்கம் என் மகன்.

"வாங்க தங்கச்சி. அல்லா ஒங்கள திருப்பித் தந்தான். இந்தாங்க, ஒங்கட மகன்" என்று என் மடியில் வைத்தார்.

கன்னம் உப்பியிருந்தான். என் சேலையில் மூஞ்சியைத் தேய்த்துத் தேடினான். கொடுத்தேன். இழுத்தான், இழுத்தான், ஒன்றும் வரவில்லை. வீறிட்டு அழுதான். ராத்தா கையை நீட்டவில்லை. நான் கேட்கட்டும் என்று காத்திருந்தார். "நீங்களே குடுங்க ராத்தா" என்று அவனைத் திருப்பிக் கொடுத்தேன். உடனே அழுகை நின்றது. 

வெளியே இவர் ஹார்னை அடித்தார். வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளையோடு மாத்தளை போய்விடலாம் என்று அவசரம். நான் வாசலுக்கு வந்தேன்.

"நீங்க போங்க. நாங்க வரல."

"ஏன்டி பயப்படுற? வண்டி இனி ஆடாது. சத்தியமா ஆடாது."

"தெரியும்ங்க," என்றேன். "எங்கிட்ட பால் இல்ல."