எந்த ஈரம் என்று அவள் எழுதவில்லை

செல்லக்கனி, சாமி படத்தைத் தூக்கி எறிந்தவள் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அவள் எறியவில்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் தங்கை மகள் போனில் அழைத்து, "பெரியம்மா போயிட்டாக" என்றாள். விஸ்வநத்தத்தில் அவள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பந்தல் போட்டுவிட்டார்கள். உட்கார்ந்த அரை மணி நேரத்தில் அந்தப் பழைய பேச்சு மூன்று முறை காதில் விழுந்தது. மூன்றாவது முறை பேசியவள் பேச்சியம்மாள். எங்கள் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபோது கணவரை இழந்தவள்.

"படிச்சவுகதான், இல்லங்கல. மாரியாத்தாவ வெளிய தள்ளுனாகள்ல, அதுக்குத்தான் எம் புருசன் போனாரு" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. அன்று திறக்காததால் இன்று எழுதுகிறேன்.

நானும் செல்லக்கனியும் கான்வென்ட்டில் ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். ஒரு நாள் வேதியியல் வகுப்பில் சிஸ்டர் துவரம்பருப்பு அளவு சோடியத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார். அது சீறிக்கொண்டு ஓடித் தீப்பிடித்தது. வகுப்பில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள். அத்தனை பேரும் "மாதாவே" என்று கத்தினோம். "மாதாவைக் கூப்பிட வேண்டாம், காரணத்தைக் கூப்பிடுங்கள்" என்றார் சிஸ்டர். "ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிடலாமா சிஸ்டர்?" என்று கேட்டு, செல்லக்கனி அந்தப் பாடவேளை முழுக்க வெளியே நின்றாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கரும்பலகையில் எழுதும் வேலை எனக்கு வந்தது. 'தண்ணீர் எல்லா நெருப்பையும் அணைக்காது; சிலவற்றை மூட்டும்.' எழுதியவள் நான்.

பின்னாளில் என் கணவர் பங்குதாரராக இருந்த தொழிற்சாலையில் அவள் ரசாயனப் பொறுப்புக்கு வந்தாள். எல்லோருக்கும் கெமிஸ்டம்மா ஆனாள். மருந்து கலக்கும் அறையில் மாரியம்மன் படம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு முன்னால் சூடம் கொளுத்துவார்கள். அவள் வந்த முதல் வெள்ளியன்றே, பேச்சியம்மாளின் கணவர், கலவைக்காரர் கருப்பசாமி கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏலே, இங்கன சூடம் கொளுத்துனா ஆத்தா வாறதுக்கு முந்தி நாம போயிருவோம்லே."

"ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டாளா கெமிஸ்டம்மா?"

"அவ வெயில்ல நின்னு பழகுனவ. வேப்பமரத்தடின்னா அவளுக்கு அம்புட்டுப் பிரியம்."

படத்தைத் தானே சுமந்துபோய், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மேடை கட்டி வைத்தாள். வெள்ளிதோறும் அங்கே முதல் சூடம் கொளுத்தியவளும் அவள்தான். நடந்தது இவ்வளவே.

அவளுக்குப் பிடிக்காத ஒரு சொல் உண்டு. வெடிக்குள் அடைக்கும் கலவையை இந்தப் பக்கத்தில் நாம் எல்லோரும் மருந்து என்கிறோம். "மருந்துன்னு சொல்லாதீக. மருந்துன்னா உள்ள போயி நல்லது செய்யும்னு மனசு நம்பிரும்" என்பாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

படம் வெளியே போனது எனக்கும் பிடிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருடம் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் காலை, பிரசாதம் வாங்க கருப்பசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைப் பித்தளைச் செம்பில் ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். படம்தான் வெளியே போய்விட்டது, தீர்த்தமாவது உள்ளே போகட்டும் என்று நினைத்தேன். செல்லக்கனியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும்.

"மருந்து மேல தீர்த்தம் பட்டா நல்லதுதானம்மா?" என்று கேட்டார் அவர்.

"நல்லதுதான்" என்றேன்.

மத்தியானம் அந்த அறை வெடித்தது. கருப்பசாமி மட்டும் உள்ளே இருந்தார்.

அலுமினியப் பொடி கலந்த கலவையில் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும். உள்ளுக்குள் சூடு மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். இது கருப்பசாமிக்குத் தெரியும். மழைக்காலத்தில் வேட்டி நுனி நனைந்திருந்தால்கூட அறைக்குள் காலெடுத்து வைக்காதவர் அவர். ஆனால் தீர்த்தத்தை அவர் ஈரம் என்று நினைத்திருப்பாரா?

விசாரணைக்குச் செல்லக்கனி எழுதிக் கொடுத்தது இரண்டு வரி. ஈரத்தால் சூடேறியிருக்கலாம், ஈரம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் போய்க் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். "ஈரம்னு தெரியும் மங்கை. எந்த ஈரம்னு தெரியாது. முந்துன நாளு தூறல் வேற. தெரியாதத தெரியும்னு எழுதுனா அதுவும் மூடநம்பிக்கைதான்."

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த செம்பை எடுத்து அடுப்படி மேடையில் வைத்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தாள். "உன் செம்பு" என்றாள். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு இத்தனை வருடங்களில் அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பேச்சியம்மாள் தெருவில் மறித்து ஏசியபோதெல்லாம் செல்லக்கனி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஏன் பதில் சொல்லவில்லை?" என்று ஒருமுறை கேட்டேன். "எங்கிட்ட இருக்கறது பாதிக் காரணம். பாதிய வச்சுக்கிட்டு அவளோட முழுச் சாமிய எப்படிப் பிடுங்க?" என்றாள். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கருணை இன்றும் என்னைத் துரத்துகிறது. கோயிலில் தீர்த்தத்துக்குக் கை நீட்டினால், உள்ளங்கையில் விழும் அந்தக் குளிர்ந்த துளிகள் சுடுகின்றன. குடித்துவிட்டுத்தான் வருகிறேன்.

அவள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தச் செம்பு ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் தைரியம் அவளோடு போய்விட்டது. தெரிந்ததை எழுதும் தைரியமாவது எனக்கு வர வேண்டும்.

அன்று காலை அந்த அறைப் பக்கம் வேலை செய்த பெண்களில் சிலர் இன்னும் விஸ்வநத்தத்திலும் தாயில்பட்டியிலும் இருக்கிறீர்கள். கருப்பசாமி அந்தத் தண்ணீரை வாசலில் தெளித்தாரா, மருந்தின் மேல் தெளித்தாரா? பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், என் காது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும். பதில் எதுவானாலும், பேச்சியம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் நானே வாசிப்பேன். கடிதமாக எழுதுங்கள்.