தலையாட்டிய நாலு நாள்

என் மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் என்றார்கள். அது வயதானவர்களுக்கு வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தோம். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும் என்று டாக்டரம்மா கன்னடத்தில் விளக்கினார். ஊசி பிடிக்க நர்ஸ் கற்றுத்தந்தார். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து, ஏதாவது கேட்கணுமா என்பார்கள். "ஆயித்து மேடம்" என்று தலையாட்டுவேன்.

கௌதள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த நாள் முதல் வீட்டு ஓனருக்கும் சூப்பர்வைசருக்கும் அதுதான் என் பதில். சரி என்று அர்த்தம். புரிந்தது என்று அர்த்தம் இல்லை. படித்தவர்களைத் திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக நினைத்துவிடுவார்கள் என்று பயம். மண்டைக்குள் ஆயிரம் சந்தேகம், வாய் மட்டும் ஆயித்து.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். விஷத்தை வெளியே அனுப்பிவிட்ட நிம்மதி எனக்கு.

மூன்றாம் நாள் காலை, கணவர் நஞ்சன்கூட்டுக்கு டைல்ஸ் வேலைக்குப் போய்விட்டார். ஊசி போட்டு, இரண்டு இட்லி வைத்தேன். அரை இட்லியோடு தட்டைத் தள்ளினாள்.

"பேடாம்மா, வேண்டாம், வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

பிறகு சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் அவள் கை நடுங்கியது, நெற்றி வேர்த்துக் கொட்டியது. விரலில் குத்தி மிஷினில் பார்த்தேன். நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் நானூறு வரை பார்த்த எனக்கு, பரவாயில்லையே, குறைந்துவிட்டதே என்று ஒரு நொடி சந்தோஷம் வந்தது. இதை எழுதும்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அவள் கண் சொருகத் தொடங்கியதும் வார்டுக்கு ஃபோன் போட்டேன். அதே நர்ஸ்தான் எடுத்தார். "ஏனோ ஆக்தா இதே சிஸ்டர்" என்று அழுதேன். என்னவோ ஆகிறதாம். அதை வைத்து அவர் என்ன செய்வார்? அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். மிஷினில் எவ்வளவு? ஊசி எப்போது போட்டீர்கள்? எவ்வளவு சாப்பிட்டாள்? விழுங்குகிறாளா? பிறகு, உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள் என்றார்.

சர்க்கரையா? வீட்டில் ஒரு துளி இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. அடுத்த வீட்டில் ஏதும் சொல்லாமல் அடுக்களைக்குள் நுழைந்து டப்பாவோடு ஓடிவந்தேன். "கண்ணு, வாயத் தொற சாமி, கொஞ்சூண்டு குடி." பாதி அவள் சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தாள். கால் மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் திறந்து, "எதுக்கும்மா அழற?" என்றாள்.

சர்க்கரை இறங்கினால் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்களாம். அதற்கும் நான் தலையாட்டியிருக்கிறேன்.

நான் கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சட்டை சரியில்லை என்று தூக்கிப் போட்டால் டைலர் சண்டைக்கு வருவாள். எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறதோ, அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். அன்று மத்தியானம் மகளின் பழைய நோட்டை எடுத்து, "பயமாக இருக்கிறது" என்று எழுதினேன். சரி, எந்த இடத்தில் பயம்? ஊசி போட்டபின் வாந்தி எடுத்தால் என்ன கொடுப்பது? எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆபத்து? பள்ளிக்கூடத்தில் மயங்கினால் டீச்சர் முதலில் என்ன செய்ய வேண்டும்? இன்சுலின் ஏன் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையே? எழுத எழுதப் பதினொரு கேள்வி வந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மா முன்னால் நோட்டைப் பிரித்து, விரல் வைத்துப் படித்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். புரியாததை மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார். இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று எரிச்சலாக வந்தது.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றார்.

இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த மகள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டாள்: "ஆன்ட்டி, எத்தனை வயசுல இந்த ஊசிய நிறுத்துவீங்க?"

அந்தக் கேள்வி என் மனதில் முதல் நாளே இருந்தது. எழுதத்தான் கை வரவில்லை. டாக்டரம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்து, செல்லமாகக் கூப்பிட்டு, "நிறுத்த முடியாது புட்டி. பெரியவளானாலும் போடணும்" என்றார்.

அவள் மறுபடி கேட்டாள்: "அப்ப நானே போட்டுக்க எப்ப கத்துக்குடுப்பீங்க?"

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். டாக்டரம்மா சொன்ன பதிலை, பிறகு வெளியே வந்து அவள்தான் எனக்குச் சொன்னாள்: அடுத்த தடவை வரும்போதே கற்றுத்தருவாராம்.