சர்வர் அறை நோட்டு

கணக்குப் பரீட்சையில் மூன்றாவது தடவையில்தான் தேறினாள். இருபது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகக் கணினிப் படிப்பை முடித்தாள். உகாண்டாவின் எம்பாலே நகருக்கு மேலே, எங்கள் மலையூர் மருத்துவமனையில் தற்காலிக வேலை பெற்றாள். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு சர்வர் அறைச் சாவியையும் வாங்கினாள். என் தங்கை காயின்சாவுக்குக் கிடைக்காமல் இருந்தது ஒன்றுதான்: அந்த அறை நோட்டில் கையெழுத்து. சர்வரைத் தொட்டவர் போட வேண்டும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் தலைநகர் கம்பாலாவில் இருக்கும் பொறியாளர் போனில் சொல்வார், இவள் செய்வாள், அவர் மாதம் ஒருமுறை வந்து எல்லா வரியிலும் தன் பெயரைப் போட்டுவிட்டுப் போவார்.

எதைத் தொடுவதற்கு முன்பும் படிகளைப் பென்சிலால் எழுதிச் சத்தமாக வாசிப்பாள். பாதியில் யாராவது கூப்பிட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி வாசிப்பாள். வீட்டில் சோறு பொங்கும்போதும் இதே கதைதான்.

போன புதன்கிழமை, பதிவுகள் எல்லாம் சேரும் சர்வர் வட்டில் சி பகுதி நிரம்பிவிட்டது. புதிய பதிவு எதுவும் ஏறவில்லை. பிறந்த குழந்தைகளை நர்சுகள் துண்டுக் காகிதத்தில் எழுதினார்கள். ஒரு காகிதம் காணாமலும் போனது.

"பழைய ஆளுங்கள அழிச்சிடேன்மா, இடம் கிடைக்கும்" என்றார் பதிவு எழுத்தர் வமோனோ.

"2019ல பொறந்ததுங்க இப்ப பள்ளிக்கூடம் சேரப் பிறப்புச் சீட்டு கேட்டு வரும். நீங்க மனசுலேருந்து எழுதித் தருவீங்களாண்ணே?"

பொறியாளர் போனில் சொன்னார்: "நான் வர ரெண்டு வாரம் ஆகும். முடிஞ்சா நீயே பாரு. கெட்டுச்சுன்னா உன் வேலை போயிடும்."

நான் தையல்காரி என்பதால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். சி பகுதி என்ற சட்டை இறுகிவிட்டது. பக்கத்து டி பகுதியில் வேண்டிய துணி இருக்கிறது. நடுவில், சர்வர் கெட்டால் மீட்க வைத்த ஒரு சிறு பகுதி பாக்கெட் மாதிரி தைத்துக் கிடக்கிறது. அதைப் பிரித்து ஓரத்துக்கு மாற்றாமல் துணியை இழுக்க முடியாது. இழுக்கும்போது மின்சாரம் போனால் சட்டையே கிழியும்.

ஞாயிறு காலை நானும் கூடப் போயிருந்தேன். முதலில் எல்லாவற்றையும் இரண்டு தனி வட்டுகளில் நகலெடுத்தாள். நகலை வேறு கணினியில் திறந்து, என் மகன் பிறந்த பதிவைத் தேடி "மூணு கிலோ இருநூறு, சரியாக்கா?" என்று கேட்டாள். சரி என்றேன். பிறகு ஜெனரேட்டர் பார்க்கும் மஃபாபியிடம் ஜெனரேட்டரைப் போடச் சொன்னாள்.

"கரண்டு இருக்கும்போதே ஜெனரேட்டரா? வெயில்ல குடை பிடிக்கிறவ நீ ஒருத்திதான்!"

"போனப்புறம் நீ செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு ஓடி வரதுக்குள்ள என் கதை முடிஞ்சிடும். போடுப்பா."

டி பகுதியைக் காலி செய்தாள். பாக்கெட்டை ஓரத்துக்கு மாற்றினாள். சி பகுதியை இழுக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் தெருவில் மின்சாரம் போனது; எதிர்க்கடை ரேடியோ நின்றது. சர்வர் அறை விளக்கு மட்டும் அணையவில்லை. மஃபாபி ஜன்னலில் தலையை நீட்டி, "குடைக்காரி!" என்று கும்பிட்டான். அவள் திரும்பவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது; வமோனோ துண்டுக் காகிதங்களை ஏற்ற ஆரம்பித்தார். முதல் குழந்தை ஏறியது. காணாமல் போன காகிதத்துக்குரிய தாயைத் தலைமை நர்ஸ் நன்டுடு வார்டில் தேடிப் பிடித்துவிட்டார்; அந்தக் குழந்தையும் ஏறியது. நாங்கள் கொண்டுபோன நிலக்கடலைக் குழம்பில் வேகவைத்த மூங்கில்குருத்து ஆறிப்போயிருந்தது.

நன்டுடு நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"சார் வந்து போடுவாரு சிஸ்டர்."

"தொட்டவங்கதான் போடணும். நீ தொடலியா?"

காயின்சா பென்சிலைக் காதில் செருகினாள். பேனா கேட்டு வாங்கினாள். முழுப் பெயரையும் போட்டு, ஈரம் காய ஊதிவிட்டு, பக்கத்தில் எழுதினாள்: 18 மே 2025.