பின்னாலிருந்து சொன்ன ஸலாம்

கொங்கிரீட் வீதியில் ஒருக்களித்துக் கிடந்தபடி அவர் சொன்ன முதல் வார்த்தை "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்பதுதான். யார் இடித்தது என்று கேட்கவில்லை. நான் கொடுத்த ஸலாத்துக்குப் பதிலை முழுதாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் "யா அல்லாஹ்" என்று இடுப்பைப் பிடித்தார். என் சைக்கிளின் முன்சில்லு அவர் தலைமாட்டில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சில்லின் சத்தம் இப்போதும் சில வேளைகளில் என் காதுக்குள் கேட்கிறது. 

அவர் எனக்குச் சம்பந்தி. என் ஒரே மகளை அவருடைய மகனுக்குத்தான் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே அவருடைய மகன் என் வீட்டில்தான் இருந்தார், என் மனைவி ஆக்கிய சோற்றைத்தான் சாப்பிட்டார். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

என் சைக்கிளில் பெல் இருக்கவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கழன்று விழுந்தது, நான் வேறு போடவில்லை. போடாமல் விட்டதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். நடந்து போகிற மனிதனுக்குப் பின்னால் கிணிங் கிணிங் என்று அடிப்பது ஆட்டை விரட்டுவது போல எனக்குப் பட்டது. பெண்களுக்குப் பின்னால் அடித்தால் கேலி செய்கிறான் என்று நினைப்பார்கள். அதனால் ஆண்கள் என்றால் கிட்டப் போய் ஸலாம் சொல்லுவேன், பெண்கள் என்றால் தொண்டையைச் செருமுவேன். ஸலாம் கேட்டவர்கள் பதில் சொல்லிக்கொண்டே இடப்பக்கம் ஒதுங்குவார்கள், நான் கடந்து போய்விடுவேன். வழியும் கிடைக்கிறது, நன்மையும் கிடைக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. எங்கள் ஊரில் என்னைப் போல் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரை வீதியால் வந்துகொண்டிருந்தேன். முன்னால் சம்பந்தி நடந்து போனார். முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மருதமுனையில் முப்பது வருடம் கைத்தறியில் உட்கார்ந்த முதுகு அது. தறிச் சத்தத்தில் அவருக்குக் காதும் மந்தம். கடலும் அன்று இரைந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து சொன்னால் கேட்காது என்று நன்றாகக் கிட்டப் போய், அவருடைய வலத் தோளுக்கு நேராக வைத்துச் சத்தமாக, "அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா!" என்றேன். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒன்றை நான் மறந்துபோனேன். மறக்கக் கூடாத விஷயம். அவர் எவருடைய ஸலாத்துக்கும் முகம் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டார். சிறுபிள்ளை சொன்னாலும் நின்று, முழு உடம்பையும் திருப்பி, கண்ணைப் பார்த்துத்தான் சொல்லுவார். அன்றும் அப்படியே நின்று வலப்பக்கமாகத் திரும்பினார். திரும்பிய இடம் என் சைக்கிள் வந்த இடம். ஹேண்டில் அவருடைய இடுப்பில் பட்டது.

தூக்கப் போனேன். "தூக்காதீங்க மச்சான், ஏலா, ஏலா" என்றார். அதற்குள் ஒரு ஆட்டோக்காரத் தம்பி நிறுத்தி ஓடி வந்தார். "என்ன நடந்த?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் சம்பந்தி கீழே கிடந்தபடியே, "மண்ணுல கால் சறுக்கிட்டு மகன். இவரு பின்னால வந்தாரு, அல்லாஹ்ட காவல்" என்றார். அதோடு என் கையை ஒரு அமுக்கு அமுக்கினார்.  ஸலாம் சொல்ல அவ்வளவு விரைந்த நாக்கு, உண்மை சொல்ல எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது என்றார்கள். ஒப்பரேஷன் செய்ய வேண்டும், இரத்தத்தில் சீனி வருத்தமும் நெஞ்சுக் கோளாறும் இருப்பதால் உறுதி சொல்ல முடியாது என்றார் டொக்டர். மருமகன் கையெழுத்து வைத்தார். வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மாமா, நீங்க மட்டும் அவடத்த இல்லாட்டி வாப்பாட நெலம என்ன ஆகியிருக்கும்? ஒங்களுக்கு நான் எப்பிடி நன்றி சொல்லுற?" அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒப்பரேஷன் வரை அந்த மூன்று நாளும் நான் பயந்த பயம் வாழ்க்கையில் பயந்ததில்லை. சூறாவளி பார்த்திருக்கிறேன், கடல் ஊருக்குள் வந்த நாளையும் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் வெளியில் வந்த பயம். இது வீட்டுக்குள், சோற்றுக் கோப்பைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பயம். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவனிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு அடியானுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியான் மன்னிக்க வேண்டும். அவர் மன்னிக்காமல் ஒப்பரேஷன் மேசையிலேயே மவுத்தாகிக் கண்ணை மூடிவிட்டால் நான் எங்கே போய்க் கேட்பேன்? தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பும்போதெல்லாம், அவர் திரும்பியது கண்ணுக்கு முன் வந்தது. கழுத்து அந்தப் பக்கம் போகவே பயந்தது.

"என்ன மனிசா, சோறு எறங்குதில்லையா? அவருக்கென்ன, அல்லாஹ் சுகமாக்குவான்" என்றாள் மனைவி. அவளிடமும் சொல்லவில்லை.

ஒப்பரேஷன் நாள் காலையில் மருமகன் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து வார்டுக்குள் போனேன். கட்டிலருகில் நின்றதும் அழுகைதான் வந்தது. "காக்கா, என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஸலாம் எண்டா ஒங்களுக்கு சைக்கிள் ஹோனா? கல்முனையில பெல் விக்கிற கடையெல்லாம் மூடிட்டானா?" என்றார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அண்டைக்கே மன்னிச்சிட்டன். அல்லாஹ் சாட்சி" என்றார்.

"மருமகனுக்கிட்ட சொல்லப்போறன் காக்கா. அந்தப் புள்ள எனக்கு நன்றி சொல்லுது."

"சொல்லப்படாது." முகம் மாறிவிட்டது. "அவன் ஒங்கட ஊட்டுல சோறு தின்னுற புள்ள. தொண்டைக்குள்ள எறங்க வேணாமா? நான் ஹயாத்தோட, உசிரோட இரிக்கிமட்டும் சொல்லப்படாது."

அல்ஹம்துலில்லாஹ், ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. நான்குகால் தாங்கியைத் தள்ளிக்கொண்டு மெல்ல நடந்தார். பள்ளியில் கதிரையில் உட்கார்ந்து தொழுதார். நான் பெல் வாங்கினேன். ஆனால் அதை நம்பி வேகமாக ஓட்டவில்லை. முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் பெடலை விட்டுவிடுவேன். பத்துப் பதினைந்து முழம் தள்ளியே ஒரு தரம் மெதுவாக அடிப்பேன். கேட்டதாகத் தெரியாவிட்டால் இறங்கி உருட்டிக்கொண்டு, வீதி இடம்விட்ட அளவுக்கு விலகிப் போவேன். முழுதும் கடந்து முன்னால் போய், முகத்துக்கு முகம் நின்றுதான் ஸலாம் சொல்லுவேன். "என்ன ஹாஜியார், சைக்கிள நடக்கக் கூட்டிப் போறீங்களா?" என்று இளந்தாரிகள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். ஸலாம் என்றால் என்னிடமிருந்து உனக்கு ஆபத்தில்லை என்று சொல்வது. அதைச் சொல்லிக்கொண்டே ஒரு மனிதனை இடித்தவன் நான்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நெஞ்சு வருத்தத்தில் சம்பந்தி மவுத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மருமகன் எழுந்து நின்று, வழக்கப்படி சபையிடம் கேட்டார். "எங்கட வாப்பா ஆருட மனசையாவது நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க." நான் முதல் வரிசையில் நின்றிருந்தேன். கேட்க வேண்டியவன் நான், கேட்பது அவர் பிள்ளை. சொல்லப்படாது என்ற தவணையும் அன்றோடு முடிந்துவிட்டது.

அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து இருவரும் நடந்து வந்தோம். வழியில் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை, ஆட்டோக்காரரிடம் வாயைப் பொத்தி நின்றது உட்பட.  மருமகன் நடையைக் கூட்டினார். நான் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தேன். சந்தியில் அவர் தாயின் வீட்டுப் பக்கம் திரும்பினார். மகளிடம் என்ன சொல்வேன் என்று நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

இரண்டு நாள் வரவில்லை. மகள் "அவருட வாப்பா மவுத்தான வீடு, அங்க ஆள் வேணும்தானே" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் பகல், வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. 

மனைவி சோறு வைத்தாள். எனக்கு நேரெதிரே உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தவர், பிசையாமல் அப்படியே இருந்தார். நான் என் கோப்பையைப் பார்த்தபடியே ஓரக்கண்ணால் அவர் கையைக் கவனித்தேன்.  பிறகு முதல் பிடியை வாயில் வைத்தார். அது இறங்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

"மாமி," என்றார், "ஆணம் கொஞ்சம் ஊத்துங்க. மாமாக்கும் ஊத்துங்க. வெறுஞ்சோத்தப் பார்த்துக்கிட்டு இரிக்கிறாரு."