தொண்ணூறு நாளில் இருபத்திரண்டு கிலோ

டெலானிபூர் அங்கன்வாடியில் நளினியிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. பதினேழு வருஷமாகக் குழந்தைகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் நிறுத்தி எடை பார்க்கிறவள். செருப்போடு மெஷினில் ஏறினால் திட்டு, வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் அதைவிடப் பெரிய திட்டு. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சுனாமிக்குப் பிறகு இங்கே போர்ட் பிளேருக்கு வந்தவள். தங்கை உமா மகேஸ்வரி செத்துப்போன இந்த மூன்று வருஷத்தில் அவள் வாய் இன்னும் நீண்டுவிட்டது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் திவ்யாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல" என்று சொல்லிவிட்டார்களாம். அவ்வளவுதான், போனில் விளம்பரம் பார்த்து ஒரு டப்பா பொடி வரவழைத்துவிட்டாள். மிளகு, காப்பிக்கொட்டை, இன்னும் என்ன கண்றாவியோ. மெட்டபாலிசத்தை முடுக்கிவிடுமாம், தூங்கும்போதே கொழுப்பு எரியுமாம். ராச்சோற்றுக்குப் பதில் அதுதான். பிள்ளைகள் வீட்டுக்குப் போன மத்தியானத்தில், வாரம் தவறாமல் வந்து நளினியின் மெஷினில் நிற்பாள்.

"பாத்தீங்களா அக்கா, மூணு கிலோ!"

"ஒரு நாளைக்கு எத்தன தடவ பாத்ரூம் போற?"

"அது... ஆறு, ஏழு."

"அரே, அது தண்ணி போச்சுடி, கொழுப்பு எங்க போச்சு? மிளகு தின்னா உடம்பு கொஞ்ச நேரம் சூடாகும், பஸ், அவ்ளோதான். ராச்சோத்த நிறுத்துனா பொடி இல்லாமயே எளைப்ப. எத்தன பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க, குடிக்காதவங்க எவ்வளவு எளைச்சாங்க, டப்பால போட்டிருக்கா?"

திவ்யாவின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். மணவறைக்கு முன்னால் இந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்று நளினி பயந்தாள்.

"நம்பலேன்னா இவங்களப் பாருங்க" என்று திவ்யா போனை நீட்டினாள்.

இடப்பக்கம் குண்டாக ஒரு பெண்ணின் படம், வலப்பக்கம் மெலிந்த அதே பெண். மெலிந்தவள் வாய் திறந்து பேசினாள்: "வணக்கம். தொண்ணூறே நாட்களில் நான் இருபத்திரண்டு கிலோ குறைந்தேன். இப்போது மிகவும் ஆரோக்கியமாக இருக்கிறேன்."

ஐயோ! உமா. செத்துப்போன உமா.

செத்தவளின் படத்தைக் கம்ப்யூட்டரில் பேசவைத்த பாவிகள், மூக்கில் இருந்த டியூபை அழித்திருந்தார்கள். ஒட்டிய கன்னத்தில் சிவப்புப் பூசியிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவர் இருந்த இடத்தில் பூந்தோட்டம். இடது தோட்டில் கல் விழுந்த ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. பாதி ஹிந்தி கலக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவள், செய்தி வாசிப்பவள் போலச் சுத்தத் தமிழில் பேசினாள். கண் இமைக்கவே இல்லை. வீடியோ முடிந்து, தானாகவே முதலிலிருந்து தொடங்கி, மறுபடி வணக்கம் சொன்னாள். நளினிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதைவிடக் கேவலம், இன்னொரு தடவை கேட்கலாமா என்று மனசு ஏங்கியது.

"இது என் தங்கச்சிடி. செத்துட்டா."

"சும்மா இருங்கக்கா. ஒரே ஜாடை எத்தன பேருக்கு இருக்கு!"

நளினி தன் போனில் பழைய வாட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுத்தாள். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தும், கப்பலில் இடம் கிடைக்காத நாளில் அனுப்பியது. தீவில் அப்படி ஆனால் நோயாளியின் படத்தைக் குழுக்களில் போட்டு, யாராவது டிக்கெட்டை விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சுவது வழக்கம். வெறும் பேச்சை யார் நம்புவார்கள் என்று, உமா நன்றாக இருந்தபோது எடுத்த படத்தையும் படுக்கையில் கிடந்த படத்தையும் பக்கம் பக்கமாக ஒட்டியவள் நளினியேதான். அது குழு குழுவாகப் போய் யார் கையிலோ விழுந்திருக்கிறது.

திவ்யா இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே படங்கள். அதே தோடு.

"அப்ப அந்த இருபத்திரண்டு கிலோ?"

"அது மட்டும் நெசம். நாந்தான் எடை பாத்து, படத்துக்குக் கீழ எழுதினேன்." நளினி அழுதுவிட்டாள். "கேன்சர்டி."

டப்பாவை இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுவதாகத் திவ்யா சத்தியம் செய்தாள். வாசல்வரை போனவள் நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... போன வாரம் கம்பெனில என் போட்டோவ கேட்டாங்க. பொடி குடிக்கிறதுக்கு முன்னால எடுத்தது. அனுப்பிட்டேன்."