நிழலில் அளந்த வெயில்

ஒரு தொழிற்சாலையில் வெப்பமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எண்ணை எழுதுவதற்கு முன் கருவி எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். இடம் குறிக்காத எண்ணை அடித்துவிடுவோம். புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் அப்பா தினமும் காலையில் கேட்பார்: "இன்னிக்கு வெயில் எவ்ளோம்மா?" நான் போனைப் பார்த்துச் சொல்வேன். தலையாட்டிவிட்டு டீக்கடைக்குப் போவார். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அப்பா கட்சித் தொண்டர். கட்சி உங்களுக்கு என்ன செய்தது என்று கல்லூரி நாட்களில் ஒருமுறை கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கட்சியைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு புயலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்த தலைவர், அப்பாவின் தோளில் கைபோட்டபடி கடைசி வீடு வரை நடந்தாராம். அதையும் அம்மாதான் சொன்னாள்.

போன தேர்தலின்போது சிதம்பரத்தில் மூன்று மணிக்குக் கூட்டம். அன்றும் கேட்டார்.

"முப்பத்தெட்டுதாம்பா. மத்தியானத்துக்கு மேல கடல்காத்து வந்துரும்."

அது கடலூரின் எண். நிழலில் இருந்த கருவி காட்டியது. அவர் உட்காரப்போனது சிதம்பரத்தில், மேடைக்கு நேர் எதிரே, பந்தல் போடாத முன்வரிசையில்.

அவர் பையில் இருந்தவை: கட்சித் துண்டு ஒன்று, சர்க்கரை மாத்திரை, மடித்த செய்தித்தாள், இரண்டு தண்ணீர் பாட்டில். பை திரும்பி வந்தபோது இரண்டு பாட்டிலும் மூடி திறக்காமல் இருந்தன.

பையைக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு மாமா. எதிர்க்கட்சிக்காரர், வேன் வைத்திருப்பவர். யார் கூப்பிட்டாலும் ஓட்டுவார். "வண்டியில உங்க கொடி கட்டிக்கறேன் மச்சான், ஓட்டு மட்டும் கேக்காத," என்று அன்று காலையில்கூட அப்பாவைச் சீண்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அப்பா ஐந்து மணிக்கு மயங்கி விழுந்தார். தலைவர் வந்தது ஆறு மணிக்கு. அதற்குள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தாராம்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் நெற்றியில் கை வைத்தேன். அவரைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கொதித்தது. துளி வியர்வை இல்லை. மறுநாள் காலையில் இறந்துபோனார்.

காரியம் முடிந்த பிறகுதான் மாமா என்னிடம் சொன்னார். "தண்ணி குடி மச்சான்னேன். குடிச்சா ஒண்ணுக்குப் போவணும், எழுந்தா சேர் போயிடும்னாரு. வெயில் ஜாஸ்தியா இருக்குன்னேன். எம்பொண்ணு பார்த்துச் சொல்லிட்டா, முப்பத்தெட்டுதான்னு சிரிச்சாரும்மா."

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்து வந்து, "அவுரு போன்லயும்தான் வெயில் காட்டும். நீ ரெண்டு வார்த்தை பேசுவியேன்னு கேப்பாரு," என்றாள்.

எங்கே தவறினேன் என்று பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஊர், நிழல், நாற்காலி. நான்காவதாக எழுதியதை யாரிடமும் காட்டியதில்லை.

இந்தக் கோடையில் மாமா ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். அவர் கட்சி ஆட்களைப் பண்ருட்டிக்கு ஏற்றிப்போகும் நாள். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "இன்னிக்கு எவ்ளோம்மா?" என்றார்.

போனை எடுத்தேன். திரையைப் பார்ப்பதற்கு முன் கேட்டேன்.

"நீங்க எங்க உக்காரப்போறீங்க மாமா?"